ஒரு கண் நேரம்

ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்சந்து,
ஜெராக்ஸ் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
ஏசி எனக்காகப் போட்டதல்ல, சர்வருக்காக.
தஸ்னீம் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
"சார், உங்க நாவல்ல ஒரே ஒரு வரிக்குத்தான்
கோடு போட்டிருக்காங்க. பதினேழு பேர்."

இருபத்தேழு வருடத்துக்கு முன்
அறுநூறு பிரதி அடித்தது.
நானூறு என் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்து
சைதாப்பேட்டை வெள்ளத்தில் ஊறிப்போயின.
யார் படித்தார், எங்கே கொட்டாவி விட்டார்,
எனக்கு ஒரு தகவலும் வந்ததில்லை அப்போது.
ஒரே ஒரு அஞ்சலட்டை வந்தது, விழுப்புரத்திலிருந்து,
விலை அதிகம் என்று.

இப்போது திரையில் எல்லாம் தெரிகிறது.
அறுபத்தொரு பேர் தரவிறக்கம்.
முப்பது பேர் மூன்றாம் அத்தியாயத்தோடு சரி,
தாம்பரம் வண்டியில் கிண்டி வந்ததும் இறங்குவதுபோல.
ஒருவர் மட்டும் தினமும்
இரவு இரண்டே முக்காலுக்குத் திறக்கிறார்,
நாலு பக்கம், மூடிவிடுகிறார்.
நர்ஸாக இருக்கலாம். கைக்குழந்தைக்காரியாக இருக்கலாம்.
பெயர் காட்டாது; நேரம் மட்டும் காட்டும்.
அந்தப் பதினேழில் அவரும் ஒருவர்.

வரியைப் படித்தேன்.
"பாலத்தின் மேல் ஒரு கண் நேரம் நின்றாள்,
பிறகு ஊர்ப் பக்கம் திரும்பாமலே நடந்தாள்."

நான் எழுதியது கண நேரம்.

கண நேரம் எல்லோரிடமும் இருக்கிறது,
சீரியலில், சலூனில், சட்டசபையில்.
கண் நேரம் எங்கே இருக்கிறது?
எத்தனை நொடி அது?
இமைத்தால் முடிந்துவிடுமா,
இமைக்காதவரைக்கும் நீளுமா?
இத்தனை வருடம் எழுதி
எனக்கு வராத சொல்.

தஸ்னீம் ஸ்கேனைத் திறந்தாள். பக்கம் நாற்பத்துமூன்று.
ண-வின் தலையில் புள்ளி.
பெரிதாக்கினாள்.
புள்ளிக்குக் கால் இருந்தது.
துணைக்கால் இல்லை. கொசுக்கால்.

என்னிடம் நல்ல பிரதி இல்லாமல்
திருவல்லிக்கேணி நடைபாதையில்
நாற்பது ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்த புத்தகம்.
உள்ளே பெரம்பூர் வாடகை நூலகம் ஒன்றின் ஊதா முத்திரை.
ஏதோ ஒரு புழுக்க இரவில்
எவரோ படித்துக்கொண்டே இருந்து
படாரென்று மூடி அடித்த கொசு.
என் நாவலை ஒருவர்
அவ்வளவு வேகமாக மூடியதற்கு
வேறு காரணமும் இருக்கலாம்.

"மாத்திடவா சார்? ஒரு செகண்ட்.
இங்க அழிச்சா எல்லார் போன்லயும் அழிஞ்சிடும்.
தூங்கி எழுந்தா தெரியவே தெரியாது."

கர்சர் புள்ளிக்குப் பக்கத்தில் நின்று
கண்ணடித்துக்கொண்டிருந்தது.

பதினேழு பேர் கோடு போட்ட இடம்
விடிவதற்குள் சாதாரண வாக்கியமாகிவிடும்.
இரண்டே முக்கால்காரர் திறந்து பார்ப்பார்,
பிசகியது தன் ஞாபகம்தான் என்று நினைத்துக்கொள்வார்.
முகம் தெரியாத ஒருவருக்கு
நான் அதைச் செய்யலாமா?
இந்தக் காலாண்டு ராயல்டி
இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
அதில் கொசுவின் பங்கு எவ்வளவு?

"விடும்மா, இருக்கட்டும்" என்றேன்.
பெருந்தன்மையாகச் சொன்ன மாதிரிதான் கேட்டது.

அவள் மௌஸிலிருந்து கையை எடுக்கவில்லை.
"ஆனா சார், புக்கை மூடித்தானே அடிச்சிருக்காங்க.
அப்ப எதிர்ப் பக்கத்துலயும்
மீதிக் கொசு இருக்கணுமே."

நாற்பத்திரண்டாம் பக்கம்.
இருபத்தெட்டு வரி.
கையெழுத்துப் பிரதி அடையாற்றோடு போயிற்று.
முதுகை வெட்டி ஸ்கேன் செய்த தாள்களை
எடைக்குப் போட்டுவிட்டார்களாம்.
பெரிதாக்கப் பெரிதாக்க
எல்லாப் புள்ளிக்கும்
கால் இருப்பதுபோலவே இருக்கிறது.

"இதுல எது சார் உங்களுது?" என்கிறாள்.